ராயபுரம் ரயில் நிலையம், 1856: ஒரு பத்திரிகைத் தாளைச் செப்பனிட்ட குறிப்புகள்

செல்லோடேப் முழுதும் உரிந்துவிட்டது. கிழிசல் பின்பக்கமிருந்து பிடித்துக்கொண்டது. தாள் சுருக்கமில்லாமல் படிந்து சட்டத்துக்குள் போய்விட்டது. வலது ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை மிச்சமிருக்கிறது. அது இனிப் போகாது. ஏன் போகாது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

தாள் இதுதான்: சென்னை ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டதை ஒட்டி 1856-ல் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் வார இதழில் வந்த மரச்செதுக்குப் படம். ஆளுநர் ஹாரிஸ் அந்த நிலையத்தைத் திறந்தது 1856 ஜூன் 28. ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. பம்பாயிலும் தாணேயிலும் முதலில் கட்டியவை இன்று இல்லாததால், நாட்டில் இன்னும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மூத்தது ராயபுரம். நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-ல்தான் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால் இந்தத் தாளின் வயது பிடிபடும்.

அளவு ஏறக்குறைய 28 × 40 செ.மீ. முன்பக்கம் படம், பின்பக்கம் செய்தி எழுத்து. நாகர்கோவிலில் ஒரு வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கியது. கண்ணாடியை ஒட்டியே தாள். பின்னால் 3 மி.மீ. பிளைவுட், நான்கு மூலையிலும் வஜ்ரப் பசை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் தச்சர் பசை). வலது ஓரத்திலிருந்து 11 செ.மீ. நீளக் கிழிசல், அதன் மேல் முன்பக்கமாகவே செல்லோடேப். வானப் பகுதியை ராமபாணப் பூச்சி மேய்ந்து தாளை மெலிய வைத்திருந்தது, இரண்டு இடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. அடி ஓரம் நெடுக துருப்புள்ளி.

முதலில் தாளை அறிவது

கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, இது கந்தல் தாளா, மரக்கூழ்த் தாளா என்பது. 1856-ல் லண்டனில் பத்திரிகை அச்சான தாள் பெரும்பாலும் பருத்தி, லினன் கந்தலில் செய்தது. மரக்கூழ் பத்திரிகைத் தாளில் நுழைந்தது அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து. கந்தல் தாள் பழுத்திருந்தாலும் உள்ளே நார் நீளமாக இருக்கும், தண்ணீரைத் தாங்கும். 1880-க்குப் பிந்திய தாள்களை இதே தைரியத்தில் தண்ணீரில் போட்டால் மடிப்பில் பிய்ந்து கையோடு வரும். ஓரத்தில் படமில்லாத ஒரு மூலையை லேசாக வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: வளைந்து திரும்பினால் கந்தல், முறுக்கென்று உடையத் தயாராக இருந்தால் மரக்கூழ்.

அடுத்து, படத்துக்குள் நேர்கோடாக ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடுகள். இவற்றைக் கிழிசல் என்றோ கீறல் என்றோ நினைத்துவிட வேண்டாம். செதுக்கப் பயன்படுத்திய பாக்ஸ்வுட் மரம் தடிமனாக வளராது. அதனால் சிறு சிறு கட்டைகளைச் சேர்த்து முடுக்கித்தான் பெரிய படத்துக்கான பாளம் செய்வார்கள். அவசரமான வேலை என்றால் கட்டைகளைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துச் செதுக்கி, மறுபடி சேர்ப்பார்கள். சேர்ந்த இடம் அச்சில் வெள்ளைக் கோடாக விழும். அது தாளின் பிறப்புச் சான்று. இந்தத் தாளில் அப்படி ஒரு கோட்டை யாரோ மெனக்கெட்டுப் பென்சிலால் நிரப்பியிருந்தார்கள். அதை அழிப்பதற்கே தனி வேலை.

மூன்றாவது, நிறம். இந்த இதழின் அந்தக் காலப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அச்சானவை. நிறம் தெரிந்தால் பெரும்பாலும் பின்னாளில் வியாபாரிகள் விற்பனைக்காகத் தண்ணீர் வர்ணத்தில் தீட்டியது, கழுவினால் ஓடிவிடும். ஈரப் பஞ்சை ஒவ்வொரு நிறத்தின் மீதும் பத்து நொடி வைத்து ஒற்றிப் பார்க்கலாம். எங்கள் தாளில் நிறம் இல்லை. அச்சு மை புகைக்கரியும் ஆளிவிதை எண்ணெயும் கலந்தது என்பதால் தண்ணீருக்கு அசையாது.

காலம் பார்த்தல்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூன் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். அப்போது கழுவிய தாள் காயாது. காயாத தாளில் பூஞ்சணம் ஏறும். கும்பப்பூ அறுப்பு நடக்கும் மாசி, பங்குனி வறட்சிதான் இதற்கு ஏற்ற காலம். 300 ரூபாய்க்குள் கிடைக்கும் ஈரப்பத மீட்டர் ஒன்றை அறையில் வைத்து, 65-க்குக் கீழே நிற்கும் நாட்களில் மட்டும் தண்ணீர் வேலை செய்வது நல்லது.

பிளைவுட்டிலிருந்து விடுவிப்பு

பலகையிலிருந்து தாளை உரிக்கக் கூடாது. தாளிலிருந்துதான் பலகையை உரிக்க வேண்டும். மூலைகளில் மட்டும் பசை இருந்ததால் இங்கே சுலபம். குளச்சல் பக்கம் மீன்பிடி சாமான் கடையில் கிடைக்கும் மெல்லிய தங்கூசி நரம்பை (0.2 மி.மீ.) இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, தாளுக்கும் பலகைக்கும் இடையே அறுப்பது போல முன்னும் பின்னும் ஓட்டினால் பசை பிளந்துகொள்ளும். நரம்பு எப்போதும் பலகைப் பக்கமே சாய்ந்திருக்கட்டும். முழுப் பரப்பும் ஒட்டியிருந்தால் தாளைக் குப்புறப் போட்டு, பிளைவுட்டின் மூன்று அடுக்கையும் உளியால் ஒவ்வொன்றாகச் சீவி எடுக்க வேண்டும். அது பொறுமை கேட்கும் வேலை.

தாளின் பின்புறம் மிஞ்சிய வஜ்ரத்துக்கு சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) பவுடர். கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 100 மி.லி. தண்ணீருக்கு 5 கிராம் போட்டுக் கலக்கி இரவு விட்டால் கெட்டியான ஜெல் ஆகும். அதைப் பசை மீது 3 மி.மீ. கனத்துக்குத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, 15 நிமிடம் கழித்து மழுங்கிய கத்தியால் வழிக்கலாம். ஜெல் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் ஈரம் பக்கவாட்டில் பரவிக் கறை வட்டம் போடாது. வெறும் ஈரத்துணி வைத்தால் போடும்.

உலர் சுத்தம்

ஆட்டுமயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டல். பிறகு வெள்ளை வினைல் ரப்பரைச் சமையலறைத் துருவியில் பொடியாகத் துருவி, தாள் மேல் தூவி, உள்ளங்கையால் வட்டமாக உருட்டல். பொடி கறுக்கக் கறுக்கத் தட்டிவிட்டுப் புதுப்பொடி. பூச்சி மேய்ந்த வானத்தில் கை வைக்கவே கூடாது, அங்கே தூரிகை மட்டும். மீந்த பொடியை ஒன்றுவிடாமல் எடுத்துவிட வேண்டும். தாளில் தங்கினால் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும்.

செல்லோடேப்

முழு வேலையிலும் அதிக நேரம் தின்றது இதுதான். இதைக் கழுவலுக்கு முன்பே முடிக்க வேண்டும். தண்ணீர் இந்தப் பசையைக் கரைக்காது.

பழைய செல்லோடேப்பின் பசை ரப்பரும் பிசினும் கலந்தது. அதற்கு மூன்று பருவம். முதலில் பிசுபிசுப்பு. அடுத்தது எண்ணெயாகி நாருக்குள் இறங்கும் பருவம். தாள் அங்கே கண்ணாடி போலத் தெரியும். கடைசியில் காற்றோடு சேர்ந்து இறுகிப் பழுப்பாகிவிடும். முதல் பருவத்தைக் கையால் எடுக்கலாம், இரண்டாவதற்குக் கரைப்பான் வேண்டும், மூன்றாவதற்கு வழியில்லை. ஒரே டேப்பின் நீளத்தில் மூன்று பருவமும் அடுத்தடுத்து இருப்பது சாதாரணம். இங்கேயும் அப்படித்தான்: உள்முனை பிசுபிசுப்பு, நடு எண்ணெய், வெயில் பட்ட வலது ஓரம் இறுகிய பழுப்பு. அந்த மிச்சக் கறைக்குக் காரணம் இதுவே.

மேல்படலத்தை எடுக்க, முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் வைத்து, டேப்பின் ஒரு முனையைக் கிளப்பி, தன்மீதே மடிந்து வருவது போலத் தாளோடு தாளாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கினால் நாரும் சேர்ந்து வரும். இஸ்திரிப்பெட்டியை மேலே வைத்து இளக்கலாம் என்று சொல்வார்கள், கேட்க வேண்டாம். அந்த அழுத்தமும் சூடும் பசையை இன்னும் உள்ளே தள்ளும்.

மிஞ்சும் பிசுபிசுப்புக்கு உலகம் முழுதும் தாள் செப்பனிடுவோர் பயன்படுத்துவது கிரேப் ரப்பர். வல்கனைஸ் செய்யாத, அதாவது கந்தகம் சேர்த்து இறுக்காத, வெளிர் கிரேப். ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கப்பலில் வரவழைப்பது வேடிக்கை. குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் வியாபாரிகளிடம் கேட்டால் வெளிர் கிரேப் துண்டு கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். புகை போட்ட ஷீட் உதவாது, அதன் பழுப்பு தாளில் இறங்கும். ஒட்டுப்பால் (மரத்திலேயே உறைந்து காய்ந்த பால்) அறவே கூடாது. மரப்பட்டைத் தூளும் அழுக்கும் அதில் ஊறியிருக்கும். வெளிர் கிரேப்பை 2 செ.மீ. சதுரமாக வெட்டி, பசை மீது ஒரே திசையில் உருட்டினால் பசை திரண்டு ரப்பரோடு வந்துவிடும். முன்னும் பின்னும் தேய்த்தால் நார் எழும்பும்.

எண்ணெய்ப் பருவத்துக்கு அசிட்டோன். பெயின்ட் கடையில் கிடைக்கும் தூய அசிட்டோன்தான். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் நிறமும் கலந்திருக்கும். அச்சு மையை அசிட்டோன் இளக்குகிறதா என்று பின்பக்கத்தில் ஒரு எழுத்தின் மேல் சோதித்த பிறகுதான் தொட வேண்டும். எங்கள் தாளில் மை அசையவில்லை. கறைக்கு அடியில் ஒற்றுத்தாள் வைத்து, மேலே அசிட்டோனில் குழைத்த முல்தானி மிட்டியை 5 மி.மீ. கனத்துக்கு வைத்து, கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்து மூடி, 10 நிமிடம் கழித்துக் கிண்ணத்தை எடுத்துவிட்டால் மண் உலரும்போது பசையை உறிஞ்சும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு கட்டத்தில் மண்ணில் நிறம் ஏறுவது நின்றுவிடும், அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு, ஊதுபத்தி எதுவும் அருகில் வேண்டாம்.

கழுவல்

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். செம்மண், சரளைப் பகுதிகளில் அதில் இரும்பு இருக்கும், கடற்கரையோரம் உப்பு இருக்கும். துருப்புள்ளியைப் போக்கப் போய்ப் புதிய துருப்புள்ளிக்கு விதை போட்டதாகும். ஆர்.ஓ. தண்ணீர் 20 லிட்டர் கேன் ஒன்று போதும். 35 × 50 செ.மீ. பிளாஸ்டிக் ட்ரேயில் 3 செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் பிடிக்கும். மூன்று முறை மாற்றலாம்.

ஆர்.ஓ. தண்ணீர் லேசான அமிலத்தன்மையோடு இருக்கும் என்பதால் சுண்ணாம்புத் தெளிவு சேர்க்க வேண்டும். தூய கால்சியம் ஹைட்ராக்சைடை ஒரு பாட்டில் தண்ணீரில் 2 கிராம் போட்டுக் குலுக்கி, ஒரு நாள் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுக்கலாம். லிட்டருக்கு 2 மி.லி.யில் தொடங்கி, பிஎச் பட்டியில் 8 முதல் 8.5 காட்டும் வரை. வெற்றிலைச் சுண்ணாம்பில் வாசனையும் வேறு சேர்மானமும் இருக்கலாம், அது வேண்டாம்.

ஈரத்தாளைத் தனியாகத் தூக்கவே கூடாது. தையல் சாமான் கடையில் விற்கும் ஒட்டாத வகை நான்-ஓவன் பாலியெஸ்டர் துணி இரண்டு துண்டுக்கு நடுவே தாளை வைத்து, துணியைத்தான் பிடிக்க வேண்டும். நேரே தண்ணீரில் இறக்கினால் சில இடம் நனைந்து சில இடம் நனையாமல் காற்றுக் குமிழி நிற்கும். முன்னதாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவில் தெளித்தால் ஒரே சீராக நனையும்.

முதல் தண்ணீர் 15 நிமிடத்தில் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு வந்தது. அவ்வளவும் பிளைவுட்டிலிருந்து தாள் குடித்த அமிலமும் பழுப்பும். இரண்டாவது வெளிறியது, மூன்றாவது ஏறக்குறையத் தெளிவு. துருப்புள்ளிகள் மங்கின, மறையவில்லை.

மங்கியதை இன்னும் வெளுக்க பிளீச்சிங் திரவத்தை எடுக்கும் ஆசை வரும். அதிலுள்ள ஹைப்போகுளோரைட் தாளின் செல்லுலோஸ் நாரையே வெட்டும். இன்று வெளுக்கும், சில ஆண்டில் தாள் நொறுங்கும். கந்தல் தாளுக்கு மட்டும் பொருந்தும் மெதுவான வழி வெயில்: அதே சுண்ணாம்புத் தண்ணீரில் தாளை மூழ்கவைத்து, ட்ரேயின் மேல் பாலிகார்பனேட் ஷீட் மூடி, காலை எட்டு மணி வெயிலில் வைப்பது. புற ஊதாக் கதிரை ஷீட் தடுத்துவிடும், ஒளி மட்டும் வேலை செய்யும். மணிக்கொரு தரம் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, சூடேறினால் மாற்ற வேண்டும். நம்மூர் வெயிலுக்குப் பதினொரு மணிக்கு மேல் விட வேண்டாம். வெள்ளைவெளேர் என்று ஆக்குவது நோக்கமில்லை. 1856 தாள் இளமஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். மரக்கூழ்த் தாளை இப்படி வைத்தால் வெளுப்பதற்குப் பதில் மஞ்சளாகும்.

பசை

மரச்சீனி (மரவள்ளி) மாவுப் பசை கையருகே இருக்கிறது என்று முதலில் ஒரு வேண்டாத தாளில் ஒட்டிப் பார்த்தோம். நூலிழுக்கிறது, காய்ந்த பிறகும் மினுமினுப்பு, ஈரக்காற்றில் மறுபடி பிசுக்கென்று இளகுகிறது. இந்த ஊர்க் காற்றுக்கு ஆகாது. மைதாவை அப்படியே காய்ச்சினால் அதிலுள்ள புரதத்துக்குப் பூச்சி தேடி வரும். வேண்டியது கோதுமையின் மாவுச்சத்து மட்டும். திருநெல்வேலி அல்வாவுக்குப் பால் எடுக்கும் அதே முறைதான்: கால் கிலோ மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி ஊறவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் கசக்கிக் கசக்கிப் பால் எடுத்து, ரப்பர் போன்ற சக்கையைத் தள்ளிவிட்டு, பாலை வடிகட்டித் தெளியவைப்பது. அல்வாவுக்குப் புளிக்கலாம், பசைக்குப் புளிக்கக் கூடாது. அதனால் குளிர்சாதனப் பெட்டியில் தெளியட்டும். மேல்தண்ணீரை இரண்டு முறை மாற்ற வேண்டும்.

அடியில் படிந்த மாவு ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. சிறுதீயில் 30 முதல் 40 நிமிடம் கைவிடாமல் கிளறினால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல ஆகும். ஆறிய பிறகு பாலியெஸ்டர் துணியில் மூன்று தடவை அழுத்தி வடித்து, மோர்ப் பதத்துக்குத் தண்ணீர் சேர்த்தால் பசை தயார். வெளியில் வைத்தால் ஒரு நாள்தான் தாங்கும். கெடாமலிருக்கப் பழைய பைண்டிங்காரர்கள் மயில்துத்தம் போடுவார்கள். அதிலுள்ள செம்பு தாளைப் பழுப்பாக்கி அரிக்கும் என்பதால் போடவில்லை.

கிழிசலும் ஓட்டையும்

ஜப்பான் கோசோ நார்த்தாள், சதுர மீட்டருக்கு 5 கிராம். கத்திரியால் வெட்டாமல், தண்ணீர் தொட்ட தூரிகையால் கோடு போட்டு இழுத்துப் பிய்த்தால் ஓரம் நாராக நிற்கும். ஒட்டிய இடம் விளிம்பு தட்டாது. பட்டை அகலம் 7 மி.மீ. இவ்வளவு மெலிதாக இருப்பதால்தான் பின்பக்கத்துச் செய்தியை இன்றும் வாசிக்க முடிகிறது. தடித்த தாள் ஒட்டினால் பாதிப் பத்தி போய்விடும்.

கிழிசலின் இரு விளிம்பும் சரிவாக இருக்கும், எது மேலே எது கீழே என்று உருப்பெருக்கியில் பார்த்துப் பொருத்த வேண்டும். தூண்களின் செங்குத்துக் கோடுகள் இதில் கைகொடுத்தன. அரை மி.மீ. விலகினாலும் தூண் ஒடிந்தது போலத் தெரியும். 11 செ.மீ.யையும் ஒரே பட்டையில் ஒட்டாமல் 3 செ.மீ. துண்டுகளாக ஒட்டினால் சரிசெய்து கொண்டே போகலாம். மேலே சிலிகோன் பூசிய பேக்கரித் தாள், ஒற்றுத்தாள், கண்ணாடி, ஒரு கிலோ எடைக்கல். பத்து நிமிடத்தில் ஒற்றுத்தாள் மாற்றம், பிறகு ஒரு மணி நேரம்.

ஓட்டைகளுக்குப் புதுச்சேரிப் பருத்திக் கைவினைத் தாள். ஓட்டையின் வடிவத்தை விளக்கொளியில் ஊசியால் குத்தி எடுத்து, விளிம்பைச் சீவிப் பொருத்தி, தண்ணீர் வர்ணத்தில் அம்பர் (மண்பழுப்பு) நிறம் ஏற்றினோம். தேயிலைச் சாயம் அமிலம், வேண்டாம். விட்டுப்போன வானக் கோடுகளை வரையவில்லை. இரண்டடி தள்ளி நின்றால் ஓட்டை தெரியாது, கிட்டே வந்தால் தெரியும்; அது போதும்.

சட்டம்

சட்டமிடும் முன் 600 டிபிஐ-யில் ஸ்கேன். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியாமலிருக்க, தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் வைக்க வேண்டும்.

கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே 4 மி.மீ. இடைவெளி கட்டாயம், அமிலமில்லாத மவுன்ட் போர்டும் விளிம்பில் அக்ரிலிக் பட்டையும் அதைத் தரும். தாளை மேல்பக்கம் இரண்டே இடத்தில் நார்த்தாள் கீலால் தொங்கவிட்டு, மற்ற மூன்று பக்கமும் விட்டுவிட வேண்டும். மழைக்கு விரியவும் வெயிலுக்குச் சுருங்கவும் இடம் வேண்டும். பின்னால் பிளைவுட்டுக்குப் பதில் விளம்பரப் பலகைக் கடையில் கிடைக்கும் நெளி பாலிபுரோப்பிலீன் ஷீட். விளிம்பு முழுதும் ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் அலுமினிய டேப். சட்டம் பழைய அயினி மரம். அந்துருண்டை உள்ளே போடக் கூடாது, கண்ணாடியின் உட்புறம் படிகமாகப் படியும். சட்டத்தின் பின் மூலைகளில் ஒரு செ.மீ. கார்க் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். சாரலடிக்கும் மேற்குச் சுவரில் மாட்டக் கூடாது.

கண்ணாடி, மரம் நீங்கலாகச் செலவு 4,000 ரூபாய்க்குள் அடங்கியது. அதில் பாதி நார்த்தாளுக்கும் மவுன்ட் போர்டுக்கும். லேமினேஷன் நூறு ரூபாயில் முடிந்துவிடும்தான், ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தாளில் யாரும் எதுவும் செய்ய முடியாது.

மாற்றிச் செய்ய வேண்டியவை என்றால், அசிட்டோனுக்கு முன்பே கிரேப் ரப்பரை இன்னும் பொறுமையாக ஓட்டியிருந்தால் நடுப்பகுதியில் கரைப்பான் பாதிதான் தேவைப்பட்டிருக்கும். ஒற்றுத்தாளை இரட்டிப்பாக வாங்கி வெயிலில் காயவைத்துத் தயாராக அடுக்கியிருக்க வேண்டும். அழுத்தும் கட்டத்தில் ஈரமான ஒற்றுத்தாளை மாற்ற உலர்ந்தது கையில் இல்லாமல், அதையே இஸ்திரி போட்டு உலர்த்த வேண்டிவந்தது.

அடுத்து மேசைக்கு வந்திருப்பது 1880-களில் கட்டி முடிந்த பம்பாய் விக்டோரியா டெர்மினஸ் படம், நடுவில் மடித்த இரட்டைப் பக்கம். மூலையை வளைத்தால் முறுக்கென்கிறது. அதை ட்ரேயில் மூழ்கவைக்க முடியாது. நனைத்த ஒற்றுத்தாள் மேல் கிடத்தி, பழுப்பைக் கீழ்நோக்கி உறிஞ்சவிட்டு, மடிப்பு நெடுக முதலிலேயே நார்த்தாள் பட்டை போட்டுத்தான் தொடங்க வேண்டும்.